ஆய்வக வைரம் வாங்கப் போகிறீர்களா? முதன்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் நிஜமான வைரம்தான். இந்தச் சந்தேகம் தீராமல் கடைக்குள் போனால் வேறு எந்தக் கேள்வியையும் தெளிவாகக் கேட்க முடியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கை வைரம், ஆய்வக வைரம் இரண்டுமே கரி அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்ட படிகங்கள். மோஸ் அளவுகோலில் இரண்டின் கடினமும் 10. ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண் இரண்டுக்கும் சுமார் 2.42. வெறும் கண்ணால் மட்டுமல்ல, லூப் எனப்படும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தும் அனுபவமுள்ள வியாபாரியால்கூடப் பெரும்பாலும் பிரித்துச் சொல்ல முடியாது. வேறுபாடு பிறப்பில் இருக்கிறது. ஒன்று பூமிக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே, பெரும்பாலும் 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் உருவாகி, எரிமலைக் குழம்போடு மேலே வந்தது. மற்றொன்று இயந்திரத்துக்குள் சில வாரங்களில் வளர்ந்தது.

2018-இல் அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தன் நகை விற்பனை வழிகாட்டு நெறிகளைத் திருத்தியபோது, வைரத்துக்கான வரையறையிலிருந்து ‘இயற்கையான’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. ஆனால் ஆய்வகத்தில் வளர்ந்ததை அப்படிச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

சரி, பொருள் ஒன்றுதான் என்றால் எதைக் கவனித்து வாங்குவது?

1. பணம் திரும்ப வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

இதை வெறும் நகையாகப் பார்க்கிறீர்களா, அல்லது அவசரம் வந்தால் விற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணமும் மனதின் ஓரத்தில் இருக்கிறதா? கடைக்குப் போகும் முன்பே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். விற்கும் எண்ணம் இருந்தால் ஆய்வக வைரம் உங்களுக்கு வேண்டாம். மறுவிற்பனையில் அதற்கு மிகக் குறைவாகவே கிடைக்கும். திரும்ப எடுத்துக்கொள்ளவே மறுக்கும் கடைகளும் உண்டு.

காரணம் புரியாதது ஒன்றுமில்லை. இயந்திரங்கள் பெருகப் பெருக, வளர்க்கும் நுட்பம் தேறத் தேற, அதே தரமான கல்லைப் புதிதாக உருவாக்கும் செலவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. புதுக்கல்லே முன்னைவிட மலிவாக வரும்போது பழைய கல்லுக்கு யார் பழைய விலையைக் கொடுப்பார்கள்? இயற்கை வைர வியாபாரத்தில் நூறாண்டுக்கு மேல் இருக்கும் டி பியர்ஸ் நிறுவனம், 2018-இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைர நகைகளை விற்கத் தொடங்கியது. விலை சரிந்துகொண்டே போக, 2025-இல் அந்தக் கடையை மூடப்போவதாக அறிவித்தது.

இயற்கை வைரம் மட்டும் முதலீடா என்றால், அதுவும் இல்லை. சில்லறை விலைக்கு வாங்கியதை விற்கப் போனால் அங்கேயும் கையைக் கடிக்கும். ஆனால் ஓரளவாவது திரும்பக் கிடைக்கும். ஆய்வக வைர நகையில் அநேகமாக அதிலுள்ள தங்கத்துக்கோ பிளாட்டினத்துக்கோதான் நிலையான மதிப்பு.

ஆகவே, கல்லுக்குக் கொடுக்கும் பணத்தைத் திரும்ப வராத பணமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி நினைத்த பிறகும் எந்தத் தொகையைச் சந்தோஷமாகக் கொடுக்க முடிகிறதோ, அதுதான் உங்கள் பட்ஜெட். ‘விலை ஏறும்’, ‘சேமிப்பு மாதிரி’ என்றெல்லாம் சொல்லி யாராவது ஆய்வக வைரத்தை விற்க வந்தால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

2. மாற்றுக் கற்களைத் தனியே வையுங்கள்

கியூபிக் சிர்கோனியா, மாய்சனைட் ஆகிய இரண்டையும் ஆய்வக வைரத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் நிறைய. அவை வைரம் அல்ல. கியூபிக் சிர்கோனியா சிர்கோனியம் ஆக்சைடால் ஆனது. அதன் கடினம் 8 முதல் 8.5 வரைதான், அன்றாடம் போட்டால் கீறல் விழுந்து மங்கிவிடும். மாய்சனைட் சிலிக்கான் கார்பைடு. கடினம் சுமார் 9.25, நன்றாக உழைக்கும். ஆனால் வைரத்தைவிட அதிகமாக வானவில் நிறங்களைச் சிதறடிக்கும். அந்த ஜொலிப்பு பிடித்திருந்தால் மாய்சனைட் என்று தெரிந்தே வாங்கலாம், தவறில்லை.

கடைகளில் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லின்மேல் வைத்துக் காட்டுவார்கள். அது கல் வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று பார்க்கும் கருவி. ஆய்வக வைரத்தை அது ‘வைரம்’ என்றே காட்டும், காட்டவும் வேண்டும். வெப்பத்தை மட்டும் பார்க்கும் கருவியில் மாய்சனைட்டும் பல நேரம் வைரமாகத் தேறிவிடும். ஆகவே அந்தக் கருவியின் ‘பீப்’ ஒலி, கல் எங்கே பிறந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. தண்ணீரில் போட்டுப் பார்ப்பது, மூச்சை ஊதிப் பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளும் இந்த விஷயத்தில் எதையும் சொல்லாது.

3. எப்படி வளர்ந்தது என்று கேளுங்கள்

இரண்டு முறைகள் இருக்கின்றன. இரண்டிலும் தொடக்கத்தில் ஒரு சிறு வைரத் துண்டை விதையாக வைக்கிறார்கள்.

முதலாவது உயர் அழுத்த உயர் வெப்ப முறை. சுருக்கமாக ஹெச்பிஹெச்டி என்பார்கள். பூமிக்கடியில் நடப்பதை இயந்திரத்துக்குள் நடத்துகிறார்கள். வளிமண்டல அழுத்தத்தைப்போல் 50,000 மடங்குக்கும் மேல் அழுத்தம், சுமார் 1,300 முதல் 1,600 டிகிரி செல்சியஸ் வெப்பம். உருகிய உலோகத்தில் கரி கரைந்து, விதையின்மேல் வைரமாகப் படிகிறது. 1954 டிசம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டிரேசி ஹால் வெற்றிகரமாகச் செய்து காட்டியது இந்த வழியில்தான். அப்போது வந்தவை தொழிற்சாலை வேலைக்கான பொடிக்கற்கள். நகைக்கு ஏற்ற கல்லை அதே நிறுவனம் உருவாக்க 1970 வரை ஆயிற்று.

இரண்டாவது முறையில் வாயுவிலிருந்து வைரம் படிகிறது. இதற்குச் சிவிடி என்று பெயர். அழுத்தம் குறைந்த ஒரு அறைக்குள் மீத்தேனும் ஹைட்ரஜனும் செலுத்தி, மைக்ரோவேவ் ஆற்றலால் அவற்றைப் பிளாஸ்மாவாக, அதாவது மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவாக, மாற்றுகிறார்கள். மீத்தேனிலிருந்து பிரியும் கரி, விதைத்தகட்டின்மேல் அடுக்கடுக்காக உட்காருகிறது.

எது உயர்ந்தது என்று கேட்டால், இரண்டிலும் அற்புதமான கற்கள் உண்டு, இரண்டிலும் சுமாரான கற்கள் உண்டு. முறையைத் தெரிந்துகொள்வது வேறு காரணத்துக்காக: ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய குறைகள் இருக்கின்றன, எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். ஹெச்பிஹெச்டி கல்லில் போரான் என்ற தனிமம் கலந்திருந்தால் லேசான நீலச்சாயல் வரும். வளரும்போது சிக்கிய உலோகத் துணுக்குகளும் உள்ளே இருக்கலாம். சிவிடி கல்லில் பழுப்புச் சாயலோ சாம்பல் சாயலோ வரலாம், கரும்புள்ளிகள் தங்கியிருக்கலாம். சிவிடி கற்கள் பலவற்றை வளர்த்த பிறகு மறுபடி உயர் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்படுத்தி அந்தப் பழுப்பைப் போக்குகிறார்கள். அந்த மாற்றம் நிரந்தரமானது, கெடுதலும் இல்லை. ஆனால் செய்திருந்தால் சொல்ல வேண்டும். சான்றிதழின் குறிப்புப் பகுதியில் அது எழுதியிருக்கும்.

4. அளவுக்கு முன்னால் வெட்டைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். வைரம் மின்னுவது அதைப் பட்டை தீட்டிய விதத்தால். எவ்வளவு வெண்மையான, குறையே இல்லாத கல்லாக இருந்தாலும் வெட்டு சரியில்லை என்றால் கண்ணாடித் துண்டுபோல் மந்தமாகத்தான் இருக்கும். மேலேயிருந்து உள்ளே போன ஒளி அடிப்பகுதிச் சுவர்களில் பட்டுத் திரும்பி மேலே வர வேண்டும். அடிப்பகுதி தேவைக்கு மேல் ஆழமாக இருந்தாலும், தட்டையாக இருந்தாலும் ஒளி பக்கவாட்டிலோ கீழேயோ ஒழுகிப் போய்விடும்.

ஆய்வகக் கல்லில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. கல் மலிவாகிவிட்டதால் ‘அதே பணத்துக்கு 2 கேரட் வருகிறதே’ என்று மனம் தாவும். கேரட் என்பது எடை, 1 கேரட் 0.2 கிராம். கண்ணுக்குத் தெரிவதோ விட்டம். நன்றாக வெட்டிய 1 கேரட் வட்டக் கல்லின் விட்டம் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர். 2 கேரட் கல்லுக்கு 8.2 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். எடை இரட்டிப்பானாலும் விட்டம் கால்பங்கு மட்டுமே கூடுகிறது. அதிலும் எடையை அடியில் ஒளித்துவைத்து ஆழமாக வெட்டிய 2 கேரட் கல், பார்வைக்கு 1.8 கேரட் கல் அளவே தெரியும். ஆகவே கேரட்டை மட்டும் கேட்காமல் மில்லிமீட்டரையும் கேளுங்கள்.

வட்டக் கல்லுக்கு நான் பார்க்கும் எண்கள் இவை: மேல்தட்டின் அகலம் விட்டத்தில் 54 முதல் 58 சதவீதம். மொத்த ஆழம் 60 முதல் 62.5 சதவீதம். மேல்பாதியின் சாய்வு 34 முதல் 35 டிகிரி. கீழ்பாதியின் சாய்வு 40.6 முதல் 41 டிகிரி. இந்த எல்லைக்குள் இருக்கும் கல் அநேகமாக நன்றாக இருக்கும். கொஞ்சம் வெளியே போனால் மோசம் என்று அர்த்தமில்லை, நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த எண்கள் எல்லாம் முழுச் சான்றிதழில் படத்தோடு இருக்கும். வெட்டு, மெருகு, சமச்சீர் மூன்றிலும் மிக உயர்ந்த தரம் பெற்ற கற்கள் ஆய்வக வைரத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அப்படியிருக்க இரண்டாம் தர வெட்டுக்குச் சம்மதிக்க ஒரு காரணமும் இல்லை.

ஓவல், பேரிக்காய் போன்ற நீள வடிவங்களை எண்களை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. நடுவில் குறுக்காக, வில் டை கட்டியது மாதிரி ஒரு இருட்டு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். லேசாக இருந்தால் பரவாயில்லை. கல்லை அசைத்தாலும் போகாத கருப்பாக இருந்தால் வேண்டாம். எமரால்டு கட் போன்ற படிக்கட்டு வெட்டுகளில் பரப்பு அகலமாகத் திறந்திருப்பதால் உள்ளே இருக்கும் சிறு புள்ளியும் சட்டென்று தெரியும்.

பார்க்கும்போது கடையின் ஸ்பாட்லைட்டை நம்பாதீர்கள். அந்த வெளிச்சத்தில் எதுவும் மின்னும். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள், மங்கலான மூலையிலும் பாருங்கள், உங்கள் உள்ளங்கை நிழலில் வைத்தும் பாருங்கள். கொஞ்சம் வெளிச்சத்திலும் உயிரோடு இருக்கும் கல்தான் வாங்க வேண்டிய கல். ஆன்லைனில் வாங்குவதென்றால் கல் சுழலும் வீடியோ இல்லாமல் வாங்காதீர்கள்.

5. நிறம், தெளிவு, அப்புறம் எழுத்தில் வராத குறைகள்

நிறத்துக்கு டி (D) என்ற ஆங்கில எழுத்திலிருந்து தரம் தொடங்குகிறது. டி, இ, எஃப் மூன்றும் நிறமற்றவை. அதற்கடுத்து மெல்ல மெல்ல மஞ்சள் ஏறும். ஆய்வகக் கற்களில் இந்த உயர்தரங்கள் சாதாரணமாகவே கிடைப்பதால் இங்கே பெரிய போராட்டம் இல்லை. மஞ்சள் தங்கத்தில் பதிப்பதாக இருந்தால் ஜி, ஹெச்கூட வெண்மையாகவே தெரியும். தெளிவு என்பது உள்ளே குறைகள் எவ்வளவு குறைவு என்ற தரம். அதில் மிகச் சிறு குறைகள் உள்ள விஎஸ்1, விஎஸ்2 போதும், வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் லூப் வைத்துப் பார்ப்பவருக்காகக் கொடுக்கும் பணம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நான் முன்னே சொன்ன நீலச்சாயல், பழுப்புச் சாயல், சாம்பல் சாயல், பால் கலந்தது போன்ற மங்கல் ஆகியவை எழுத்துத் தரத்தில் ஒழுங்காகப் பிடிபடுவதில்லை. மஞ்சளை அளப்பதற்காக உருவான ஏணி அது. எஃப் என்று எழுதியிருக்கும் ஒரு கல் பக்கவாட்டில் பார்த்தால் பழுப்பாக இருக்கலாம். விஎஸ்ஸைவிட உயர்ந்த விவிஎஸ் தெளிவு என்று எழுதியிருக்கும் கல் லேசாகப் புகை மூடியது மாதிரி இருக்கலாம். எனவே கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: ‘இதில் பழுப்போ நீலமோ பால்மங்கலோ ஏதாவது இருக்கிறதா?’ பிறகு வெள்ளைத்தாளின்மேல் கல்லைத் தலைகீழாக வைத்து, உறுதியாக நிறமற்ற இன்னொரு கல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் தெரியாத சாயல், பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிடும்.

6. சான்றிதழைக் கல்லோடு பொருத்திப் பாருங்கள்

கல்லை விற்பவரே கொடுக்கும் தாளைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விற்பனையில் லாபமில்லாத ஆய்வுக்கூடத்தின் அறிக்கை வேண்டும். ஆய்வக வைரங்களுக்கு அதிகம் காணப்படுவது ஐஜிஐ (இன்டர்நேஷனல் ஜெமலாஜிக்கல் இன்ஸ்டிடியூட்) அறிக்கை. ஜிஐஏவும் (ஜெமலாஜிக்கல் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்கா) 2007 முதல் கொடுத்துவருகிறது. ஆனால் ஜிஐஏ 2025 அக்டோபரிலிருந்து ஆய்வகக் கற்களுக்கு டி, இ, விஎஸ்1 போன்ற தரங்களைத் தருவதை நிறுத்திவிட்டு, ‘பிரீமியம்’, ‘ஸ்டாண்டர்ட்’ என்ற இரண்டு பிரிவுகளோடு முடித்துக்கொள்கிறது. புதிய ஜிஐஏ தாளில் எழுத்துகள் இல்லை என்று பயப்பட வேண்டாம். பழைய ஜிஐஏ தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட மட்டும் முடியாது.

தாள் கைக்கு வந்ததும் அதிலுள்ள எண்ணை அந்த ஆய்வுக்கூடத்தின் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். கடைக்காரர் தன் போனில் காட்டுவது போதாது. அடுத்து 10 மடங்கு லூப் கேட்டு வாங்கி, கல்லின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் மெல்லிய விளிம்பைப் பாருங்கள். அங்கே லேசரால் அந்த எண்ணும், ஆய்வகத்தில் வளர்ந்தது என்ற குறிப்பும் பொறித்திருக்கும். எண் பொருந்தினால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள். இயற்கை வைரத்தின் அறிக்கை எண்ணை ஆய்வகக் கல்லில் பொய்யாகப் பொறித்து அனுப்பிய சம்பவங்களை ஜிஐஏவே வெளியிட்டிருக்கிறது. மில்லிமீட்டர் அளவு, எடை, உள்ளே இருக்கும் புள்ளிகளின் இடம் எல்லாம் தாளோடு ஒத்துப்போக வேண்டும். கல்லை நகையில் பதிப்பதற்கு முன் இதைச் செய்வது எளிது. பதித்த பிறகு எடை பார்க்க முடியாது, விளிம்பும் பாதி மறைந்துவிடும்.

இயற்கையா, ஆய்வகமா என்பதைக் கருவிகள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று தெரிந்துகொள்வதும் நல்லது. பெரும்பாலான இயற்கை வைரங்களில் நைட்ரஜன் அணுக்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் கிடந்து கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருக்கும். ஆய்வகத்தில் அதற்கு நேரமில்லை. அந்தக் கொத்துகள் புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியை உறிஞ்சும். முதல் சல்லடை இதை வைத்துத்தான். அப்படி உறிஞ்சாத, சந்தேகத்துக்குரிய கல்லின் வளர்ச்சிக் கோலத்தை ஒளிரவைத்துப் பார்த்து உறுதி செய்கிறார்கள். இவை எல்லாம் ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டியவை, நம் கையில் நடக்காது.

சிறு கற்களுக்குத் தனி அறிக்கை பெரும்பாலும் இருக்காது. நடுக்கல் ஆய்வகம் என்று சொல்லிவிட்டு, சுற்றியிருக்கும் பொடிக்கற்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவது உண்டு. அவை எவை என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

7. பசுமைப் பேச்சை ஆராயுங்கள்

சுரங்கம் தோண்டாமல் வருகிறது, மோதல் பகுதிகளில் வெட்டியெடுத்த கல்லாக இருக்குமோ என்ற பயம் இல்லை. இந்த இரண்டும் உண்மையான நன்மைகள், எனக்கும் முக்கியமானவை. ஆனால் ‘சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாதது’ என்று மொட்டையாகச் சொல்வதை ஏற்காதீர்கள். அந்த வெப்பத்தையும் பிளாஸ்மாவையும் வாரக்கணக்கில் நிறுத்திவைக்க நிறைய மின்சாரம் செலவாகிறது. நிலக்கரி மின்சாரத்தில் வளர்ந்த கல்லும் நீர்மின்சாரத்தில் வளர்ந்த கல்லும் ஒன்றல்ல. எங்கே வளர்ந்தது, எந்த மின்சாரம் என்று கேளுங்கள். பதில் ஆவணத்தோடு வந்தால் மதியுங்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது: போட்ஸ்வானா போன்ற ஒரு நாட்டின் வருமானமே பெருமளவு இயற்கை வைரத்தைச் சார்ந்திருக்கிறது. இதில் எந்தப் பக்கம் நிற்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

8. பில்லில் என்ன இருக்க வேண்டும்

‘ஆய்வகத்தில் வளர்த்த வைரம்’ என்ற சொற்கள், அறிக்கை எண், எடை, உலோகத்தின் தூய்மையும் எடையும் தனியாக, கல்லின் விலை தனியாக. திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள், பணமாகத் தருவார்களா அல்லது வேறு நகையாக மட்டுமா, பிற்பாடு மாற்றிக்கொள்ளும்போது எந்த விலையை வைத்துக் கணக்கிடுவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். ‘வாழ்நாள் முழுக்க மாற்றிக்கொள்ளலாம்’ என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை.

9. பதிப்பதும் பராமரிப்பதும்

வைரம் கடினமானது, ஆனால் உடையாதது அல்ல. படிகத்தின் சில திசைகளில் பலமாக அடிபட்டால் பிளந்துவிடும். ஆய்வகக் கல்லுக்கும் இது பொருந்தும். கூர்முனை உள்ள வடிவங்களில் முனையை மூடிப் பிடிக்கும் கவ்வி இருக்க வேண்டும். தினமும் போடும் மோதிரத்துக்கு நான்கு கவ்வியைவிட ஆறு கவ்வி பாதுகாப்பு. ஒன்று தளர்ந்தாலும் கல் விழாது.

வைரத்தின் பரப்பில் எண்ணெய்ப் பசை சுலபமாக ஒட்டும். ‘வாங்கும்போது இருந்த மினுமினுப்பு போய்விட்டது’ என்று சொல்லப்படும் கற்களில் முக்கால்வாசி வெறும் அழுக்குதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினால் பழைய ஒளி வந்துவிடும். வைர நகைகளை ஒன்றோடொன்று உரசும்படி ஒரே பெட்டியில் போடாதீர்கள். வைரத்தை வைரமே கீறும், மற்ற கற்களையும் தங்கத்தையும் கேட்கவே வேண்டாம்.

மோதிரத்தைப் பெரிதாக்கவோ கவ்வியைச் சரிசெய்யவோ கொடுக்கும்போது, வைரம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். வைரம் கரிதானே, காற்றில் சுமார் 700, 800 டிகிரிக்கு மேல் போனால் அதன் பரப்பே எரிந்து வெண்மையாக மங்கிவிடும். நெருப்பு வைக்கும் முன் போரிக் அமிலப் பூச்சு கொடுத்துக் கல்லைக் காப்பது தெரிந்தவர்தான் அதைத் தொட வேண்டும். கொடுப்பதற்கு முன் விளிம்பு எண்ணை லூப்பில் பார்த்து ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது அதே எண் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். காப்பீடு எடுத்திருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பைத் திருத்துங்கள். விலை இறங்கிய பிறகும் பழைய மதிப்புக்குப் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பது வீண்.